சூடான மண்ணுக்கு எந்தக் குளிர்வாயு?

கிகாலி திருத்தத்தின் கீழ், ஐதரோபுளோரோகாபன் குளிர்வாயுக்களின் நுகர்வை இலங்கை 2029 இல் 10 வீதமும் 2035 இல் 30 வீதமும் 2045 இல் 80 வீதமும் குறைக்க வேண்டும். மீனும் ஐஸ்கிறீமும் வைக்கும் உறைபெட்டிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஆர்-404ஏ இந்தப் பட்டியலில் முன்னணியில் நிற்கிறது. அதில் ஒரு கிலோ காற்றில் கசிந்தால், ஏறத்தாழ 3,900 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பப் பாதிப்பு உண்டாகும்.

விந்தை என்னவென்றால், மாற்றாக வருவதும் காபனீரொட்சைட்டுத்தான். ஐரோப்பியப் பல்பொருள் அங்காடிகள் பலவற்றில் அது ஏற்கனவே ஓடுகிறது. ஆனால் அது குளிர்நாட்டுக் கணக்கு. அந்த வாயுவின் அவதி வெப்பநிலை 31 பாகை செல்சியஸ். அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. யாழ்ப்பாணத்து, மன்னார் வெயிலில் 31 பாகை என்பது சாதாரண நண்பகல். ஆர்-404ஏ சுமார் 20 பாரில் செய்யும் வேலைக்கு இதற்கு 90, 100 பார் தேவைப்படும். கம்பிரசர் சூடேறும், மின்கட்டணம் ஏறும்.

இதனால்தான் கலவைகள் ஆராயப்படுகின்றன. காபனீரொட்சைட்டுடன் புரப்பேன் போன்றதைச் சேர்த்தால் அவதி வெப்பநிலை உயர்ந்து அமுக்கம் இறங்குகிறது. புரப்பேனின் தீப்பற்றும் தன்மையும் தணிகிறது. பதிலுக்கு, அதே குளிருக்குப் பெரிய கம்பிரசர் வேண்டும். சந்தையில் உள்ள ஆர்-455ஏ கலவையில் காபனீரொட்சைட்டு 3 வீதமே. இலேசாகத் தீப்பற்றவும் கூடியது.

எமக்குச் சிக்கல் ஆய்வுகூடத்தில் இல்லை, திருத்துநரின் கையில்தான். கசிந்தால் மேலால் கொஞ்சம் காஸ் அடித்து விடுவதே எங்கும் வழக்கம். இத்தகைய கலவையில் காபனீரொட்சைட்டு முந்திக் கசியும். மிஞ்சியது வேறொரு கலவை. அதன்மேல் அடித்தால் கம்பிரசர் எப்படி நடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. முழுவதையும் இறக்கி, நிறுத்து, திரவமாகவே ஏற்ற வேண்டும். பழைய ஆர்-404ஏ பெட்டியில் இவற்றை அடைப்பது அதைவிட ஆபத்து.

ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லாமல் இருந்த வடக்கில், சிறு கடைக்காரரும் மீனவரும் உறைபெட்டிகளைக் கடனில்தான் வாங்கினார்கள். அந்தக் கடன் தீருமுன்னரே காஸ் விலை ஏறினால் சுமை அவர்கள் தலையில்தான் விழும். ஆகவே பயிற்சியும் உபகரண மானியமும் கொழும்போடு நின்றுவிடாமல் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வருமா என்பதை 2029 இற்கு முன்னரே எமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.