எண்ணாமல் விட்ட மட்டி

எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் பிடிக்கும் ஒருவரிடம் 'காக்கா ஆழி' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தைச் சுளிப்பார். விரல் நீளம்கூட வராத கறுப்புச் சிப்பி அது. நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, கொசஸ்தலையாற்றின் அடித்தரையில் பாய் விரித்தாற்போல் படர்கிறது. மஞ்சள் மட்டியும் இறாலும் வாழ்ந்த மணலும் சேறும் அந்தப் பாயின் அடியில் அடைபட்டுப் போகின்றன. சேற்றில் கைவிட்டு இறாலைத் தடவிப் பிடிப்பது இங்கே பழைய தொழில். இப்போது கையை விட்டால் ஓடு கிழிக்கிறது.

இதன் அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. தாயகம் நடு அமெரிக்க, தென் அமெரிக்கக் கடற்கரைகள். 1986இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாய்களுக்குள் இதைக் கண்டார்கள். பின்னர் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் என்று பரவியது. கேரளக் காயல்களில் இது குடியேறிவிட்டதை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்று நம் வடசென்னைக்கும் வந்துவிட்டது.

கப்பல் வழியாக வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. இங்கே இயற்பியல் ஆசிரியன் ஒருவன் சற்றுக் குறுக்கிட அனுமதியுங்கள். வெறுங்கப்பல் நீரில் அதிகம் அமிழாது. அலையில் நிலைகொள்ளாமல் ஆடும். ஆகவே சரக்கை இறக்கிய கப்பல் தன் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது. இதைப் பாலாஸ்ட் நீர் என்பார்கள். அந்த நீரோடு கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் ஏறிக்கொள்ளும். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வணிகப் போக்குவரத்தைத் தொடங்கியது. 2014 முதல் அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அங்கே அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் நிறைசுமையோடு வருகிறது. கரியை இறக்கும்போது அது நீரை ஏற்றுமே தவிர இறக்காது. காலியாக வந்து சரக்கேற்றிச் செல்லும் கப்பல்தான் வேற்றூர் நீரை இங்கே விட்டுச் செல்லும். பழியை எல்லாம் கரிக் கப்பலின் தலையில் போடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு; அதற்குச் சுமைக் கணக்கு எதுவும் இல்லை.

என் மனக்குறை இந்தச் சிப்பியின்மேல் அன்று. அது எந்த ஆண்டு வந்தது, எந்தத் திசையில் பரவியது, அதற்கு முன் அந்த இடத்தில் எத்தனை மட்டி இருந்தது என்று கேட்டால் விடை சொல்ல முடியவில்லையே, அதுதான் குறை. காட்டுக்குப்பத்து மீனவர் தம் காலால் உணர்ந்து முதலில் சொன்னார். ஆய்வும், பசுமைத் தீர்ப்பாயத்து வழக்கும், எந்தத் துறை செலவு செய்வது என்ற பேச்சும் அதற்குப் பின்னரே வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோதும் இதே கதைதான். அழிந்தது எவ்வளவு என்று கணக்கிட, முன்பு இருந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா?

சந்தைக்கு வரும் எடையைக் குறித்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஓரிடத்தில் மட்டி தீர்ந்தால் எடுப்பவர் அடுத்த இடத்துக்குப் போவார். சந்தையில் எடை குறையாது. எல்லா இடமும் தீரும்போதுதான் திடீரென்று குறையும். சராசரியும் இப்படித்தான் ஏமாற்றும். பத்து இடங்களில் எண்ணுகிறீர்கள். ஒன்பதில் பூஜ்யம், ஒன்றில் 160. சராசரி 16 என்று எழுதினால், எல்லா இடத்திலும் ஏதோ கொஞ்சம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஒரே ஒரு திட்டுதான் மிஞ்சியிருக்கிறது!

இடவாரியான செய்தியின் பயனைப் பகாமா தீவுகளில் பார்க்கலாம். குளியலுக்குப் பயன்படும் கடற்பஞ்சை எடுத்து விற்பது அங்கே பெரிய தொழில். 1938இல் பஞ்சுகள் அழுகத் தொடங்கின. எந்தத் தளத்தில் எப்போது அழுகியது என்ற செய்தி கிடைத்ததால், நோய் நீரோட்டத்தின் வழியே நகர்ந்தது என்று கண்டறிய முடிந்தது. தொழில் என்னவோ நொடித்துத்தான் போயிற்று. ஆனால் நடந்தது இன்னதென்று தெரிந்தது.

காக்கா ஆழியை இயந்திரம் கொண்டு வாரி எறியலாம் என்கிறார்கள். வாரட்டும். ஆனால் இதன் குஞ்சுகள் சில காலம் நீரில் மிதந்து திரிபவை. வாரிய இடத்தில் ஓதத்தோடு வந்து மீண்டும் ஒட்டும். முன்னும் பின்னும் எண்ணாவிட்டால், செலவு பலித்ததா என்பதை யார் சொல்வது? பிரேசிலில் இதைச் 'சுருரு' என்று விரும்பி உண்கிறார்கள், நாமும் தின்று தீர்க்கலாமே என்றும் தோன்றும். அவசரப்படாதீர்கள். கடற்பஞ்சைப் போலவே சிப்பியும் நீரை வடிகட்டி உண்பது. அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் கலந்த நீரை வடிகட்டிய உடம்பைச் சோதிக்காமல் வாயில் போடக்கூடாது.

எண்ணுவதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். 25 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் போதும். 16 சட்டம் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். உங்கள் ஆசிரியரோடும் அந்த ஊர் மீனவர் ஒருவரோடும் ஓதம் வற்றிய நேரத்தில் போங்கள். காலில் தடித்த செருப்பும் கையில் உறையும் இருக்கட்டும். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கண் தானாகவே மட்டி மிகுந்த இடத்துக்குப் போகும். கரையோரம் கயிறு பிடித்து, பத்தடிக்கு ஒரு முறை சட்டத்தை வையுங்கள். மட்டி ஒரு பத்தி, காக்கா ஆழி ஒரு பத்தி. ஒன்றுமில்லாத சட்டத்துக்கும் பூஜ்யம் என்று எழுத மறவாதீர்கள். தேதியையும் ஓத நேரத்தையும் குறித்து, தாளைப் பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் கயிறு பிடிக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.