திரும்பி வரும் பாட்டில்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



நம் கல்லூரி விளையாட்டு விழா முடிந்த அன்று மாலை மைதானத்தைச் சுத்தம் செய்யும் வேலை எங்கள் வகுப்புக்கு வந்தது. மூன்று கோணிப்பை நிறைந்தது. மூன்றிலும் பிளாஸ்டிக் பாட்டில்தான். தண்ணீர் பாட்டில், சோடா பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்! சிலவற்றில் இரண்டு மடக்குதான் குடித்திருந்தார்கள். "வுடுடா, எடைக்குப் போட்டுடலாம்" என்றான் நண்பன். போட்டோம். கிடைத்த காசு எல்லோருக்கும் டீ வாங்கக்கூடப் போதவில்லை.

'எடைக்குப் போடுவது' என்ற வார்த்தை எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு கவரைப்பேட்டை பக்கம். அப்பா சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி மாதிரி நினைத்துவிடாதீர்கள்! ஒரு கொட்டகை, ஒரு சோடா மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பத்துப் பன்னிரண்டு பெட்டி கோலி பாட்டில், எங்கள் அப்பா. அவ்வளவுதான் கம்பெனி.

பாட்டிலில் தண்ணீர் பிடித்து மெஷினில் மாட்டி, கேஸைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதை ரப்பர் வாஷரில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடியும் இல்லை, தகரமும் இல்லை. உள்ளே அடைபட்ட வாயுவே தன்னை அடைத்துக்கொள்கிறது! இந்த பாட்டிலுக்கு 1872-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ஹைராம் காட் என்ற பொறியாளர். நான் மெக்கானிக்கல் படிக்க வந்ததற்கு அந்தக் கோலியும் ஒரு காரணம்.

அப்பா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் மெஷினில் வைக்கும் தண்ணீரைப் பானையில் ஊற்றிக் குளிரவைத்துத்தான் எடுப்பார். "ஜில்லுனு இருந்தாதான்டா கேஸ் ஏறும்" என்பார். முதலாம் ஆண்டில் ஹென்றி விதியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. சாதாரண காற்றழுத்தத்தில் 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.7 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரையும். 0 டிகிரியில் அதுவே சுமார் 3.3 கிராம், ஏறக்குறைய இரண்டு மடங்கு! வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இத்தத்தான நான் அப்பவே சொன்னேன்" என்று சிரித்தார்.

அப்பாவின் பாட்டில்கள் காலையில் சைக்கிளில் கடைகளுக்குப் போகும். மாலையில் காலியாகத் திரும்பி வரும். கழுவி மறுபடி நிரப்புவார். கடையில் நின்று குடித்துவிட்டு பாட்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் வழக்கம். ஒரே பாட்டில் பல வருடம் ஓடும். இத்தனை வருட வியாபாரத்தில் குப்பை என்று போனது உடைந்த கண்ணாடி மட்டுமே.

பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. பெட் பாட்டிலுக்கு 1973-ல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனிப் பொறியாளர் நதானியேல் வைத். நல்ல கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. உடையாது, கனமில்லை. கடைக்காரருக்குக் காலி பாட்டிலை எண்ணி வைக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் அந்தத் தொல்லை எங்கே போனது? நம் மைதானத்துக்கு வந்தது! கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வரும் நண்பர்கள் ஜன்னல் வழியே தண்டவாள ஓரத்தைப் பாருங்கள். பொன்னேரி பக்கம் ஓடும் ஆரணியாற்றைப் பாருங்கள். அந்த ஆறு பழவேற்காடு ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. ஆற்றில் விழுந்த பாட்டிலும் அங்கேதானே போகும்?

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்தக் கோடையில் அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. நானும் பாட்டில் கழுவினேன். அடுத்த கோடையில் கடைகளில் பழையபடி பிளாஸ்டிக். 2020 ஊரடங்கில் கொட்டகையைப் பூட்டியவர் பிறகு திறக்கவே இல்லை. இப்போது சிப்காட்டில் கான்டிராக்ட் கூலி. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது முதல் வருட ஃபீஸ் கட்ட, அந்த மெஷினை எடைக்குப் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஒரு மெஷினை விற்றுத்தான் மெஷின் படிக்கிறேன். அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை நண்பர்களே. அப்பா செய்த வேலை பழைய காலத்து வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று அதுதான் புதிய வழி என்று உலகம் சொல்கிறது!

வீட்டிலேயே சோடா போட்டுக்கொள்ளும் சின்ன மெஷின்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கையடக்க சிலிண்டர், அதற்கென்றே செய்த பாட்டில், அழுத்த ஒரு பட்டன். தண்ணீர் வீட்டுத் தண்ணீர், பாட்டில் நம் பாட்டில். பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க என்று சொல்லி விற்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், சோடா என்பது தண்ணீரும் கேஸும்தான். தண்ணீர் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை பிளாஸ்டிக்கில் அடைத்து லாரியில் ஏற்றிக் கொண்டுவருவது எதற்கு? குடிக்கிற இடத்திலேயே போட்டால் போதாதா? அப்பா செய்ததும் அதைத்தானே!

"எலுமிச்சம்பழமும் சமையல் சோடாவும் போதுமே" என்று சிலர் கேட்கலாம். நுரை வரும், உண்மைதான். ஆனால் உப்புக் கரிக்கும். சோடியம் சேர்வதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. இன்னொரு எச்சரிக்கை. வெல்டிங் பட்டறையில் இருப்பதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான் என்று அந்த சிலிண்டரில் கை வைக்காதீர்கள்! குடிப்பதற்கு உணவுத் தர வாயு வேண்டும். கண்ட பாட்டிலில் கேஸ் ஏற்றவும் கூடாது. வெடித்த பாட்டில் கீறிய தழும்பு அப்பாவின் இடது கையில் இன்னும் இருக்கிறது.

அந்த வீட்டு மெஷினின் விலை நம் வீடுகளுக்குத் தாங்காது. அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்கு ஒன்று வேண்டாம். நம் கேன்டீனுக்கு ஒன்று போதும்! டம்ளரில் ஊற்றிக் கொடுக்கட்டும். வெளியே எடுத்துப் போகிறவர்களுக்குக் கண்ணாடி பாட்டில், பத்து ரூபாய் முன்பணம். பாட்டில் வந்தால் பணம் திரும்பும். நடக்காத காரியம் என்கிறீர்களா? நீலகிரி மாவட்டத்தில் 2022-ல் டாஸ்மாக் கடைகளில் இதே பத்து ரூபாய் முறையைக் கொண்டுவந்தார்கள். குடிகாரர் திருப்பிக் கொடுக்கும் பாட்டிலை, படிக்கிற நாம் திருப்பிக் கொடுக்க மாட்டோமா?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தண்ணீர் பாக்கெட்டும் அதில் உண்டு. ஆனால் தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் இல்லை. சட்டம் விட்ட இடத்தை நாம்தான் பிடிக்க வேண்டும். தாகத்துக்கு வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதே முதல் வழி. சோடா ஆசைக்குத்தான்! அந்த ஆசைக்கும் குப்பை இல்லாத வழி இருக்கிறது என்பதே என் வாதம்.

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, அடுத்த ஆண்டு விழாவில் பிளாஸ்டிக் பாட்டில் இல்லை என்று தீர்மானம் போடுங்கள். இரண்டு, எங்கள் மெக்கானிக்கல் பிரிவின் இறுதியாண்டு புராஜெக்டாக, பாதுகாப்பு வால்வும் கம்பிக் கூண்டும் வைத்த ஒரு சோடா மெஷினை ஆசிரியர்கள் மேற்பார்வையில் செய்ய அனுமதி வாங்கித் தாருங்கள். கைப்பிடியை எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரை நான் அழைத்து வருகிறேன். ஃபீஸ் கேட்க மாட்டார்.

எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இரண்டு பெட்டி கோலி பாட்டில் இருக்கிறது. "அத்த மட்டும் எடைக்குப் போடாதடா" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

யோசிப்போம் நண்பர்களே! செய்தும் காட்டுவோம்!