இரவற் செய்நிரல்

இரவலாகப் பெற்ற நகையை அணிவோர், அதனைத் திருப்பிக் கொடுக்கும் நாளையும் நினைவிற் கொள்வர். அந்நகையை உருக்கித் தம் பொன்னோடு கலந்து புதிய மாலையொன்று செய்துவிட்டால், எது எவருடையது என்று எவ்வாறு பிரித்துக் காட்டுவது? நம் மாணவர் ஆர்வத்தோடு செய்துவரும் சிறு மின்னணுக் கருவிகளுள் இந்த வினா இன்று மறைந்து கிடக்கின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் மாணவன் ஒருவன், மீன் வைக்கும் பனிப்பெட்டியில் வெப்பம் ஏறினால் மணியடித்து அறிவிக்கும் கருவியொன்றைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதன் உயிர்நிலை நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு சில்லு. இத்தாலியில் 2005ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுயினோப் பலகைகளுள், மாணவர் பெரிதும் கையாளும் ஊனோ வகையில் நிரலுக்குரிய இடம் 32 கிலோபைற்று. தற்காலிக நினைவகம் 2 கிலோபைற்று மாத்திரமே. வெப்பமானியை வாசித்தல், திரையில் எழுத்தைக் காட்டுதல் முதலிய வேலைகளுக்குப் பிறர் முன்னரே எழுதிவைத்த நிரற்றொகுதிகள் உள. அவற்றை நூலகம் என்பர். மாணவன் எழுதுவன சில வரிகள். நூலகங்களிலிருந்து எடுப்பன பல நூறு வரிகள்.

இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு வழக்கென்ன என்று நேயர் கேட்கலாம். விலையின்றிக் கிடைப்பது வேறு. உடையவரின்றிக் கிடப்பது வேறு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலையும் நூலைப் போலவே பதிப்புரிமைக்குரிய ஆக்கமாகக் கொள்கின்றது. ஆதலால், ஆக்கியோன் உரிமத்தில் விதித்த நிபந்தனைப்படியே அதனைக் கையாளல் வேண்டும்.

அந்நிபந்தனைகள் பலதரத்தன. ஆக்கியோன் பெயரையும் உரிம வாசகத்தையும் உடன்வைத்தாற் போதும் என்பது எம்.ஐ.ரி. உரிமம். றிச்சட் ஸ்டோல்மன் எழுதி 1989இல் வெளிவந்த குனூ பொதுமக்கள் உரிமமோ, அவ்வகை நிரலைத் தன் நிரலோடு இணைத்து விற்பவன் முழு நிரலின் மூலத்தையும் வாங்குவோர்க்கு அளிக்கவேண்டும் என்கின்றது. 1991இல் நூலகங்களுக்கென வந்த உரிமம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. உன் நிரலின் மூலத்தை நீயே வைத்துக்கொள். வாங்கியவர் எம் நூலகத்தைத் திருத்தி மீண்டும் பொருத்த வழிவிடு என்பது அதன் கருத்து. ஆர்டுயினோவின் அடிப்படை நூலகங்கள் இவ்வகை உரிமத்தின் கீழ் உள்ளவை.

மேசைக் கணினியில் நூலகம் பெரும்பாலும் தனிக் கோப்பாக இருத்தலின், அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டல் எளிது. நுண்கட்டுப்படுத்தியிலோ மாணவனின் நிரலும் நூலகமும் உருகிய பொன்போல் ஒன்றாகிச் சில்லினுட் புகுந்துவிடுகின்றன. ஆகவே, கருவியை விற்பவன் இணைப்பதற்கு முன்னிருந்த நிலையில், இயந்திரமொழிக்கு மாற்றிய கோப்புகளாக, தன் பகுதியையும் வாங்குவோர்க்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என ஆர்டுயினோ அமைப்பினர் விளக்கியுள்ளனர். தன் வீட்டுப் பாவனையோடு நிற்கும்வரை இக்கடமை எழாது. முதற் கருவியை விற்ற அன்றே எழுந்துவிடும்.

இது வெறும் சட்டச் சடங்கன்று. பனிப்பெட்டிக் கருவி நூலகப் பிழையொன்றினால் பொய்யான வெப்பநிலையைக் காட்டுகிறது என்க. செய்தவன் அதற்குள் வெளிநாடு சென்றிருக்கலாம். அக்கோப்புகள் கிடைத்தால், திருத்திய நூலகத்தை ஊரிலுள்ள திருத்துநர் ஒருவரே இணைத்துக் கொடுப்பார். கிடையாவிடின் மீனும் பழுது, மீனவர் முதலும் பழுது. 2003இல் லிங்சிஸ் நிறுவனத்தின் கம்பியில்லா வலைக்கருவியொன்றில் பொதுமக்கள் உரிமத்துக்குரிய லினக்ஸ் இருப்பது வெளியாயிற்று. நிறுவனம் மூலநிரலை வெளியிட, அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்ரி என்னும் பொது மென்பொருள் பிறந்தது. உற்பத்தியாளர் கைவிட்ட கருவிகள் பல அதனால் மறுவாழ்வு பெற்றன.

நம் நாடும் இத்துறையில் வாங்கியதோடு நில்லாது கொடுத்தும் உள்ளது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், இலங்கை வல்லுநர் 'சஹனா' என்னும் நிவாரண மென்பொருளை எழுதித் திறந்த மூலமாக உலகுக்கு அளித்தனர். மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கொடுத்தவர் விதித்த நிபந்தனையைப் பிறர் மதிக்கவேண்டும் என நாம் விரும்பினால், நாமும் பிறர் நிபந்தனையை மதித்தல் முறையன்றோ?

மாணவர் செய்யத்தக்கது எளிது. நூலகமொன்றை எடுக்கும் அன்றே அதன் பெயர், பதிப்பு, ஆக்கியோன், உரிமம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதுக. உரிமம் எதுவும் குறிக்கப்படாத நிரலை, ஆக்கியோனிடம் கேளாது எடுத்தாளற்க. கல்லூரிக் கண்காட்சிக்கு வரும் பெற்றோரும், கருவி என்ன செய்யும் என்று வினவுவதோடு, அக்குறிப்பேட்டையும் ஒருமுறை காட்டச் சொல்வார்களாக.