கடலுக்கு ஒரு நியாயம், ஏரிக்கு ஒரு நியாயமா?

மீன் மார்க்கெட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: “சினை இருக்கா?” இருக்கிறது என்று மீன்காரம்மா வயிற்றைக் காட்டினால் நமக்கு முகம் மலர்ந்துவிடும். பேரம் பேசாமல் வாங்கி வந்து, சினையைத் தனியாக வறுத்து, அது யாருக்கு என்று வீட்டில் சின்னச் சண்டையும் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறோம். கடல் மீன் என்றால் அது வேறு கதை. மழைக்காலத்து ஏரி மீன் என்றால், பெரும்பாலும் அது அந்தச் சினையைச் சுமந்துகொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தபோது பிடிபட்ட மீன். எங்கே போய்க்கொண்டிருந்தது? இந்த வாரம் உங்களிடம் பேச வந்த விஷயம் அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராமானுஜர். 1991 மே 21. அப்புறம் கார். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்ததில் ஆரம்பித்து, கண்ணாடி, செல்போன், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஒரகடம் வரைக்கும் வரிசையாகத் தொழிற்சாலைகள். 2006ல் வந்த நோக்கியா 2014ல் மூடிக்கொண்டு போயும் விட்டது. இவை எல்லாவற்றுக்கும் பல நூறு வருஷம் முன்னாலேயே இந்த மண்ணில் வேறொரு ஏற்பாடு இருந்தது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி, இவற்றின் உபரித் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்கு. அங்கிருந்து அடையாறு. அடையாற்றிலிருந்து கடல்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி சென்னை இந்தப் பாடத்தை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படித்தது. மேலே இருக்கும் தண்ணீர் கீழே நம் வீட்டுக்கே வரும் என்று தெரிந்துகொண்டோம். அதே தண்ணீரில் எதிர்த்திசையில் மேலே ஏறிப் போகும் கூட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை.

முதல் பெரிய மழையில் கால்வாயில் புதுத் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும், கீழ் ஏரியில் கோடை முழுக்கச் சும்மா கிடந்த மீன்கள் ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பும். கெளுத்தி, கெண்டை, குரவை, ஆரால். “மீன் ஏறுதுடா!” என்று ஊரே கால்வாய்க்கு ஓடும். மீன் எதற்கு ஏறுகிறது? முட்டை போட. புதிதாகத் தண்ணீர் நின்ற வயல், புல் முளைத்த மேட்டுப்பள்ளம், ஏரியின் ஓரத்து ஆழமில்லாத நீர் இதெல்லாம்தான் அதன் பிரசவ வார்டு. குஞ்சுகளுக்குத் தீனி நிறைய. விழுங்குகிற பெரிய மீன் குறைவு.

தண்ணீர் இல்லாத இடத்திலும் நடந்து போகிற ஆசாமி ஒன்று உண்டு, பனையேறிக் கெண்டை. 1791ல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர், பனைமரத்தில் அஞ்சடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பார்த்ததாக லண்டனுக்கு எழுதிப்போட்டார். அது மரம் ஏறியதைப் பின்னால் வந்தவர்கள் பலர் நம்பவில்லை. ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்வது உண்மைதான். கல்கத்தாவில் இதையே ‘கோய்’ என்று சொல்லிக் கொஞ்சிக் கொஞ்சி வாங்குகிறார்கள். நம் ஊரில் முள் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

டி.வி.யில் சாமன் மீன் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து ஆற்றில் ஏறி, அருவியில் எகிறிக் குதித்து, கரடி வாயில் விழும் மீன். அதே மீனைப் பார்க்கக் கனடாவில் கேம்பல் ரிவர் என்ற ஊரில் ஜனங்கள் ரப்பர் உடுப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஆற்றில் குப்புற மிதந்து போகிறார்கள். இவர்களுக்குக் கீழே சாமன் கூட்டம் எதிரே போகும். அதே ஆற்றங்கரையில் தூண்டில்காரர்களும் நிற்கிறார்கள். லைசென்ஸ் உண்டு, ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்று கணக்கு உண்டு, இந்த இடத்தில், இந்த மாதத்தில் கூடாது என்ற விதி உண்டு. பார்க்க வந்தவரும் பிடிக்க வந்தவரும் ஒரே ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ள முடிகிறது. மீனுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில் படகுகள் ஏறி இறங்கும் மதகுக்குப் பக்கத்திலேயே மீன் ஏறப் படிக்கட்டு கட்டி, தண்ணீருக்கு அடியில் கண்ணாடி ஜன்னல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். நம் கால்வாயில் புது வெள்ளம் டீ கலரில் ஓடும். கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்தால் ஒன்றும் தெரியாது. ஆளும் திரும்பி வரமாட்டார். கலங்கல் மேல் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கலெக்டர்கள் கெஞ்சுவது சும்மா இல்லை. கால்வாய்க் கரையில் நின்றாலே போதும். முதுகு வெளியே தெரிய, ஆழமில்லாத தண்ணீரில் கெளுத்திகள் நெளிந்து நெளிந்து ஏறுவது வெறும் கண்ணுக்கே தெரியும்.

தெரியும் என்றேன். பார்க்க விடுவார்களா என்பதுதான் கேள்வி. மீன் ஏறுகிற அன்றைக்கே கால்வாய் வாயில் குறுக்கே வலை. சில இடத்தில் கொசுவலை. ஒரு விரல் நீள மீன்கூடத் தப்பாது. ராத்திரி பேட்டரியில் கரண்ட் வைத்துப் பிடிக்கிற புண்ணியவான்களும் உண்டு. வயிறு நிறைய முட்டையோடு வந்த ஒரு தலைமுறை மொத்தமும் இரண்டு நாளில் சாக்கில் ஏறுகிறது.

“ஏழை ஜனங்க நாலு மீன் பிடிச்சுச் சாப்பிடறது உமக்குப் பொறுக்கலையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏழை பிடிப்பதைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள். ஷிப்ட் முடித்து வந்த பையன்கள், பீகார், ஒரிசா, அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளிகள், ரிட்டையரான பெரியவர்கள். ஒரு நாள் பூரா உட்கார்ந்தால் ஒரு குழம்புக்குத் தேறும். தூண்டிலால் எந்த ஏரியும் காலியானதில்லை. சொல்லப்போனால் இந்த நாட்டில் மீனுக்காக முதலில் வக்காலத்து வாங்கியவர்களில் ஒருவரே தூண்டில் பைத்தியம்தான். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹெச்.எஸ்.தாமஸ், 1873ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றிப் புத்தகமே எழுதியவர், ஆற்றில் விஷம் கலப்பதையும் பொடிக்கண்ணி வலையையும் நிறுத்தச் சொல்லிச் சர்க்காரிடம் மன்றாடினார். மீன் வேண்டும் என்கிற ஆசைதான் அவரை அப்படிப் பேச வைத்தது. ஏரிக்கரையில் இன்று தூண்டில் போடுகிறவருக்கும் அதே ஆசைதான்.

என் சண்டை வாயை அடைக்கிற வலையோடு. அதைவிடப் பெரிய சண்டை, வாயையே அடைத்த ரோட்டோடு.

வண்டலூர்-வாலாஜாபாத் ரோடும் சிங்கபெருமாள்கோவில்-ஸ்ரீபெரும்புதூர் ரோடும் ஆறு வழியாக ஒரகடத்தில் சந்திக்கின்றன. நல்ல ரோடுகள். நானும்தான் போகிறேன். இந்த மாதிரி ரோடும் காம்பவுண்ட் சுவரும் கால்வாயைக் கடக்கும் இடங்களில் இறங்கிப் பாருங்கள். கால்வாயின் தரைமட்டத்துக்கு மேலே தூக்கி வைத்த சிமென்ட் குழாய். தண்ணீர் அதிலிருந்து தொபதொபவென்று கீழே விழும். இன்ஜினீயருக்குத் திருப்தி, தண்ணீர் போய்விட்டது. கெளுத்தி சாமன் இல்லை. எகிறிக் குதித்துக் குழாய்க்குள் நுழைய அதற்குத் தெரியாது. குழாயை ஒரு முழம் கீழே பதித்திருந்தால் ரோட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் செய்யவில்லை.

ஏரிச் சீரமைப்பு என்ற பெயரில் நடப்பதையும் பாருங்கள். கரையில் நடைபாதை, பெஞ்சு, செடி, உதவிய கம்பெனியின் பெயர்ப் பலகை. ஏரிக்குள் தண்ணீர் வருகிற வரத்துக் கால்வாய் எங்கே என்று ரிப்பன் வெட்ட வந்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

கால்வாய் செத்தால் மீனே இல்லாமல் போகாது. அதுதான் ஏமாற்று வேலை. 1952ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்த ஜிலேபி இருக்கிறது. அதற்கு ஓடும் தண்ணீர் வேண்டாம், வயல் வேண்டாம். முட்டையை வாயிலேயே வைத்து அடைகாத்துக்கொள்ளும். சாக்கடையிலும் பிழைக்கும். ஏலம் எடுத்தவர் வாங்கி விடும் கட்லா, ரோகு குஞ்சுகளும் இருக்கும். அவை தேங்கிய ஏரித் தண்ணீரில் முட்டையிடாது. 1957 ஜூலை 10ல் ஒரிசாவில் ஹார்மோன் ஊசி போட்டு இந்த வகை மீன்களை முட்டையிட வைத்த பிறகுதான், பண்ணைக் குஞ்சை ஊர் ஊராக விடுவது வழக்கமானது. ஏரியில் மீன் துள்ளுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம். அது ஏரி தானாகப் பெற்ற மீன் இல்லை.

பெரிய அளவில் இதை ஏற்கெனவே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டோம். கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்த உல்லம் மீனுக்கு அணைகள் குறுக்கே வந்தன. 1870களிலேயே பிரான்சிஸ் டே என்ற மெட்ராஸ் ராணுவ டாக்டர், மீன் ஏற வழியில்லாத அணைகளைப் பற்றி அறிக்கை எழுதிவிட்டார். 1934ல் மேட்டூரும் வந்தது. வங்காளி ‘ஹில்சா’ என்று உருகுகிற அந்த மீனுக்குத் தமிழில் ஒரு பெயர் இருப்பதே இன்று பலருக்குத் தெரியாது. டே மாதிரி ஆட்கள் கத்தியதற்குப் பிறகு 1897ல் வந்த மீன்வளச் சட்டம் வெடியையும் விஷத்தையும் தடை செய்தது. தோட்டாவும் விஷமும் தப்பு என்று சட்டத்துக்கு அப்போதே புரிந்துவிட்டது. கொசுவலை இன்னும் புரியவில்லை.

கடலுக்கு மட்டும் நாம் ஒழுங்காக இருக்கிறோம். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகு போகாது. 2001ல் 45 நாளாக ஆரம்பித்து 2017ல் 61 ஆனது. மீனவர்கள் வேலை இழக்கிறார்கள், அரசு நிவாரணம் தருகிறது, நாமும் விலை ஏறிப்போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொள்கிறோம். கேரளாவில் நன்னீருக்கும் இது உண்டு. புதுமழையில் ஏறுகிற மீனைப் பிடிப்பதற்கு அங்கே ‘ஊத்த’ என்று பெயர். ஊரே திருவிழா மாதிரி செய்து வந்த வழக்கம். 2010ல் கொண்டுவந்த உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி அது குற்றம். அங்கேயும் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள்தான். தப்பு என்று தெரிந்து பிடிக்கிறார்கள்.

நான் கேட்பது 61 நாள் இல்லை. முதல் வெள்ளம் ஓடும் மூன்று வாரம். அந்த மூன்று வாரம் வரத்துக் கால்வாயிலும் கலங்கலுக்குக் கீழேயும் வலை, பறி, கரண்ட் எதுவும் கூடாது. தூண்டில்காரர் கால்வாயை விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போகட்டும். அங்கே அவரை யாரும் விரட்டக் கூடாது. ஏலம் எடுத்தவருக்கு ஒரு நிஜமான கஷ்டம் உண்டு. காசு போட்டு விட்ட கட்லா, வெள்ளத்தில் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போய்விடும் என்று பயந்துதான் அவர் தடுப்பு வலை கட்டுகிறார். அந்த வலையே கீழிருந்து ஏறுகிற மீனையும் மறிக்கிறது. குஞ்சு விடுவதை வெள்ளம் வடிந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்று வாரத்துக்கு ஏலத் தொகையில் கழிவு கொடுக்கலாம். கடல்காரருக்கு நிவாரணம் கொடுக்கிற அரசுக்கு இது பெரிய தொகை இல்லை.

ஏரி மீன் குத்தகை பசலிக் கணக்கில் ஓடுகிறது. பசலி பிறப்பது ஜூலை 1. நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்க அதற்கு முன்பே மீன்வளத் துறைக்கு எழுத வேண்டும். பஞ்சாயத்து ஏரி என்றால் கிராமசபையில் தீர்மானம் போடலாம். காஞ்சிபுரம் மாவட்டத்து வாசகர்களே, அக்டோபர் 2ம் தேதி கிராமசபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள்: நம்ம ஏரிக்கு வரத்துக் கால்வாய் எது? அதில் இந்த வருஷம் வலை கட்டப் போவது யார்?

சென்னை வாசகர்கள் ஐப்பசியில் மார்க்கெட்டுக்குப் போகும்போது “சினை இருக்கா?” என்று கேட்பதற்குப் பதில், “ஏரி மீனா, கடல் மீனா?” என்று கேளுங்கள். ஏரி மீன், சினையோடு இருக்கு என்றால், அன்றைக்கு மத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.