மீண்ட குழந்தைக்கு ஒரு மருத்துவக் குறிப்பு வேண்டும்

1970 முதல் 1986 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறு வயதில் புற்றுநோய் கண்டு, ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்த 14,359 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் கண்டறியப்பட்ட 30 ஆண்டுகளுக்குள் அவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இன்னொரு புற்றுநோய் வருவதாக 2010-இல் வெளியான கணக்கு சொன்னது. பழைய நோய் திரும்பவில்லை; வேறிடத்தில் புதிதாகத் தோன்றிய நோய் அது. சாதாரண வகைத் தோல் புற்றுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு அப்படி எதுவும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த அச்சத்தால் எந்தப் பெற்றோரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை இல்லையென்றால் குழந்தையே இல்லை.

இரண்டாவது நோய்க்குப் பெரும்பாலும் உயிரைக் காத்த சிகிச்சையே காரணமாகிறது. எடோபோசைடு போன்ற மருந்துகள் சிலருக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே ரத்தப்புற்றை உண்டாக்கிவிடும். கதிர்வீச்சின் விளைவு மெதுவானது. பத்து, இருபது ஆண்டு கழித்து மார்பகத்திலோ தைராய்டிலோ மூளை உறையிலோ தலைகாட்டும். விழித்திரைப் புற்று பரம்பரையாக வந்த குழந்தைகளுக்கு மரபணுவே ஆபத்தைச் சுமக்கிறது. கதிர்வீச்சு அதை இன்னும் கூட்டுகிறது.

ஹாட்ஜ்கின் லிம்போமா போன்ற நோய்களுக்காக நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற சிறுமிகளின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது. 50 வயதுக்குள் அவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்று வருவதாக 2014-இல் வெளியான ஆய்வு கண்டது. பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு உள்ள பெண்களுக்கு இருக்கும் ஆபத்துக்கு இது சமம். அதனால்தான் 25 வயதிலிருந்து, அல்லது கதிர்வீச்சு முடிந்து 8 ஆண்டு கழித்து, எது பிந்தியதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐயும் மேமோகிராமும் எடுக்கச் சொல்கிறார்கள் வல்லுநர்கள்.

இந்தியாவின் பொதுப் பரிசோதனைத் திட்டமோ 30 வயதில்தான் தொடங்குகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பதோடு முடிகிறது. பன்னிரண்டு வயதில் நெஞ்சில் கதிர்வீச்சு பெற்று, இன்று 26 வயதாகும் பெண் அந்த வலைக்குள் வருவதே இல்லை. பலருக்குத் தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்றே தெரியாது. "கரண்ட் வச்சாங்க" என்ற அம்மாவின் சொல் மட்டுமே மிச்சம். எந்த இடத்தில், எத்தனை கிரே அளவு கதிர்வீச்சு, எந்த மருந்து எவ்வளவு என்ற விவரம் எங்கோ ஒரு மருத்துவமனைக் கோப்போடு போய்விடுகிறது. தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்தும் குடும்பங்கள் இந்தக் குறிப்பையும் பத்திரப்படுத்தும்; அதைக் கையில் கொடுப்பார்தான் இல்லை.

சொன்னால் பயந்துவிடுவார்கள், பெண்ணின் கல்யாணம் கெட்டுவிடும் என்ற தயக்கம் மருத்துவர்களிடமும் வீடுகளிலும் உண்டு. அந்த வலி உண்மையானது. ஆனால் ரகசியம் காப்பது வேறு, பாதிக்கப்பட்டவரிடமே மறைப்பது வேறு. பிரிட்டன் 2003-இல், இளவயதில் நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற பெண்களைத் தேடிப்பிடித்து ஆபத்தைச் சொல்லிப் பரிசோதனைக்கு அழைத்தது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கணக்கு வைப்பதால் அடுத்த தலைமுறைக்கும் பலன் உண்டு. முன்பே சிகிச்சை பெற்றவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் கதிர்வீச்சைக் குறைத்தார்கள். பின்னர் 1990-களில் நோய் கண்டவர்களையும் சேர்த்து விரிந்த அந்த வட அமெரிக்க ஆய்வில், 1970-களில் 77 சதவீதம் பேர் கதிர்வீச்சு பெற்றார்கள். 1990-களில் 33 சதவீதம். அதே காலத்தில், 15 ஆண்டுகளுக்குள் இரண்டாவது புற்று வருவது 2.1 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாக இறங்கியது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-லேயே சிகிச்சை முடிந்தவர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. குழந்தைப் புற்றுக்குச் சிகிச்சை தரும் எல்லா மருத்துவமனைகளுக்கும் அது கட்டாயமாக வேண்டும். கடைசி நாளன்று, மருந்துகளின் மொத்த அளவும் கதிர்வீச்சு பட்ட இடமும் அடுத்த பரிசோதனைகளும் எழுதிய ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலும் தந்து, ஆபா எனும் தேசிய மருத்துவக் கணக்கு எண்ணோடு இணைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாத நிலையிலேயே ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ செலவை ஏற்கும் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.