காடு நம்முது, கிரயம் யாருக்கு?



மூலனூர், குண்டடம், கன்னிவாடி பக்கம் புரோக்கர்கள் சுற்றுகிறார்கள். "மழை இல்லாத கொறங்காடு, கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் தவிர என்ன இருக்கு? நல்ல விலைக்கு முடிச்சுத் தர்றோம்" என்கிறார்கள். வாங்குகிறவர் யார் என்று கேட்டால், "பார்ட்டி வெளியூருங்க" என்பதோடு பேச்சு முடிகிறது. எந்த வெளியூர்? கோயமுத்தூரா, சிங்கப்பூரா?

சட்டம் என்ன சொல்கிறது? 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் விதிகளும் தெளிவாகவே இருக்கின்றன. வெளிநாட்டில் குடியிருக்கும் அந்நியர் இங்கே விளைநிலம் வாங்க முடியாது. அங்கேயே குடியிருக்கும் நம்ம ஜனங்களும் வீடு, கடை வாங்கலாமே தவிர விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பன் சொத்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம்.

அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா? வாசல் பூட்டியிருக்கிறது, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறதே!

ஒரு வழி, பினாமி. பணம் அங்கிருந்து வரும், பத்திரம் இங்கே மச்சான் பேரில் நிற்கும். பினாமிச் சட்டம் 2016-ல் கடுமையானது. பேர் கொடுத்தவருக்கும் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, நிலமும் பறிமுதல். பவர் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. கேஸ் வந்தால் கோர்ட்டுக்கு அலைவது யார்? கையெழுத்துப் போட்ட நாம்தான்!

இன்னொரு வழி, கம்பெனி. இந்தியாவில் பதிவு செய்துவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது இந்தியக் கம்பெனி. காற்றாலை, சோலார் தொழிலில் முழு மூலதனமும் வெளிநாட்டிலிருந்து வர அனுமதி உண்டு. அந்தத் தொழிலுக்கென்று காட்டை வாங்கினால், முதல் எந்த நாட்டுக்காரனுடையது என்று நமக்கு எப்படித் தெரியும்?

இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் நிலம் வாங்க முடியாது. தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு உண்டு. ஆனால் தொழில் என்று சொல்லி அரசு அனுமதி பெற்றால் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். நமக்கு ஒரு நியாயம், கம்பெனிக்கு ஒரு நியாயமா?

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2014-ல் சட்டம் போட்டு வெளிநாட்டவருக்கு நிலம் விற்பதைத் தடுத்தார்கள். பாதிக்கு மேல் அந்நியப் பங்குள்ள கம்பெனிகளையும் அதில் சேர்த்தார்கள். மடகாஸ்கரில் 2008-ல் ஒரு தென்கொரியக் கம்பெனி 13 லட்சம் ஹெக்டேரை 99 வருடக் குத்தகைக்குக் கேட்டது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்து 2009-ல் ஆட்சியே கவிழ்ந்தது, குத்தகைப் பேச்சும் ஒழிந்தது.

விற்கிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. போர் வற்றி, கடன் ஏறி, பொண்ணு கல்யாணம் நிற்கும்போது காட்டை விற்காமல் என்ன செய்வார்? ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் வாங்கினால் வரப்பும் வண்டித்தடமும் இருக்கும், மாடு மேயும். கம்பெனி கம்பிவேலி போட்டால் காங்கேயம் மாட்டுக்கு எங்கே புல்?

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. கம்பெனி நிலம் வாங்கினால், அதன் முதலாளி யார், முதல் எங்கிருந்து வந்தது என்பதைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். கிராம சபையிலும் வாசிக்க வேண்டும்.
2. அந்நிய முதல் உள்ள கம்பெனி விளைநிலமும் கொறங்காடும் கிரயம் வாங்கத் தடை வேண்டும். தொழிலுக்கு வேண்டுமானால் குத்தகை எடுக்கட்டும்.
3. விற்கிற நிலத்தைப் பக்கத்துச் சிறு விவசாயி வாங்கக் கூட்டுறவு வங்கி நீண்டகாலக் கடன் தர வேண்டும்.

அதுவரை, வாங்குகிறவர் நேரில் வராமல் பேச்சு வேண்டாம். பவருக்குக் கையெழுத்து வேண்டாம். சொந்தக்காரரே கேட்டாலும் பேரை இரவல் கொடுக்க வேண்டாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளுக்குத் திரண்டு போய் இந்த மூன்றையும் தீர்மானமாகப் போடுவோம்.

பத்திரம் பதிந்த பிறகு பேசிப் பயனில்லை. சிந்திப்பீர்! ஒன்றுபடுவீர்!

இவண்,
தாராபுரம் வட்டார விவசாயிகள்