உலை மூட்டத் தெரிந்தவர் வேண்டும்

விடுமுறை கிடைத்தால் ஆக்ராவுக்கு ஓடுவது டில்லியில் பயிலும் நம் தமிழ் நண்பர்களின் வழக்கம். ஒருமுறை ரேவாரிக்குப் போய்வாருங்கள் என்பேன். அரியானாவில், இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1893இல் எழுந்த நீராவி லோகோ ஷெட் ஒன்று அங்கே உளது. மீட்டர் கேஜ் எஞ்சின்களுக்கென அமைந்த அக்கொட்டகை, நீராவியின் காலம் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்தது, 2002இல் மீட்கப்பட்டது.

வாளையும் கேடயத்தையும் கண்ணாடிக்குள் அடுக்கி, ‘தொடாதீர்’ என்று பலகை மாட்டும் காட்சிச்சாலை அன்று அது. உலை மூட்டினால் ஓடும் எஞ்சின்கள் அங்கே உண்டு. 1855இல் லீட்ஸ் நகரில் பிறந்த ‘ஃபேரி குயீன்’ அக்கொட்டகையின் செல்லப்பிள்ளை. அது பழுதுற்றபோது செப்பனிட்டது நம் பெரம்பூர்ப் பட்டறை என்பதை இங்குள்ளோர் எத்தனை பேர் அறிவர்? 1965இல் சித்தரஞ்சனில் உருவான ‘அக்பர்’ இந்திப் படங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. (நம் விடுதியில் அதற்குத்தான் மதிப்பு!)

“இந்தக் கிழங்களுக்குக் கரியும் காசும் ஏன்? வண்ணம் பூசி நிலைய வாசலில் நிறுத்தினால் போதாதா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது, ஐயா. நிறுத்தி வைத்த எஞ்சின் இரும்புப் பொம்மை. ஆறிக் கிடக்கும் எஞ்சினில் நீராவி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தகடுகள் ஒருசீராய் விரியாமல் இணைப்புகளில் கசிவு காணும். உலையின் கூரைக்கு மேல் எப்போதும் நீர் நிற்க வேண்டும். வற்றினால் அங்கே பொருத்திய ஈய அடைப்பு உருகி, நீராவி உலைக்குள் பாய்ந்து எச்சரிக்கும். விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாய் இருந்த என் பாட்டனார் புகையின் நிறத்தைப் பார்த்தே கணக்குச் சொல்வார்: கருத்த புகை கரி வீண்; மெல்லிய சாம்பல் நிறம் சரி. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். மூத்த கலாசி ஒருவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்.

அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் அன்றாட ஓட்டம் 1995இல் நின்றது. அன்று கரி அள்ளிய இளைஞர்களும் இன்று ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டனர். அவர்கள் கைப்பழக்கம் எவருக்குப் போய்ச் சேரும்? எஞ்சினுக்கு உதிரி உறுப்பு வார்த்துக்கொள்ளலாம். புகையைப் படிக்கும் கண்ணை எந்தப் பட்டறையில் வார்ப்பது?

ஆதலின் நான் கேட்பது இதுவே. பொறியியல் பயிலும் மாணவர்களை ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ரேவாரி ஷெட்டில் பழகுநராய்ச் சேர்த்துக்கொள்ளும்படி நம் சங்கம் ரயில்வே அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானத்தைக் கொண்டுவர இருக்கிறேன். எதிர்க்க விரும்பும் நண்பர், எஞ்சின் மூட்டும் நாளொன்றில் அந்த உலைவாய் அருகே ஒரு நாழிகை நின்றுவிட்டு வந்து எதிர்க்கட்டும்.